துண்டுக்கு அடியில் சுட்ட கை

வண்டியில் தண்ணீர்ப் பானையை ஏற்றி, அது ஆடாமல் இருக்க வைக்கோல் பிரியைச் சுற்றி இறுக்கிய பிறகும் காத்தாயி விலகவில்லை. சக்கரத்து ஆரக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணே, இது குடிக்கிறதுக்கு இல்ல. அவரு முதுகுக்கு.”

“முதுகுக்கா? ஏன், ஒம்புருசன் முதுகுல கத்திரிக்கா பயிரு வச்சிருக்கானா?” என்றான் பெரியகருப்பன்.

வேறு நாளாக இருந்தால் அவளும் ஒன்று திருப்பிக் கொடுத்திருப்பாள். பெரியப்பன் மகன் என்ற உரிமையில் அவன் அடிக்கிற கிண்டலுக்கெல்லாம் வட்டியும் சேர்த்துத் தருகிறவள்தான்.

“வெளையாடாதீங்கண்ணே. நமக்கெல்லாம் வேல செஞ்சு ஓஞ்சு நெழல்ல ஒக்காந்தா சூடு எறங்குது. அவருக்கு எறங்க மாட்டேங்குது. ஒக்காந்த பெறகுதான் ஏறுது. போன மாசம் கொஞ்ச நேரம் ஏரப் புடிச்சிட்டு வேப்ப மரத்தடியில வந்து ஒக்காந்தாரு. கோழி அடையிற வரைக்கும் ஒடம்பு கொதிச்சுக்கிட்டுக் கெடந்துச்சு. ஈரச் சாக்கப் போட்டு, தண்ணிய ஊத்தி ஊத்தித்தான் மனுசனானாரு. இன்னைக்கு அவர ஓட விட்டுராதீங்க. ஏதாச்சும் வேல செஞ்சாருன்னா ஒடனே இந்தத் தண்ணிய முதுகுல ஊத்துங்க.”

“நான் மாட்ட விக்கப் போறேன், ஒம்புருசன இல்ல. அவன் நெழல்ல ஒக்காந்து வெத்தல போடட்டும். ஓடுறதுக்குச் சந்தையில ஆளா இல்ல?”

“சத்தியமா?”

“சத்தியம்.”

மாட்டுத் தரகன் செய்யும் சத்தியத்துக்குச் சந்தையில் என்ன மரியாதை என்று காத்தாயிக்குத் தெரியும். இருந்தாலும், இதைத் தரகன் சொல்லவில்லை, அண்ணன் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டு ஆரக்காலை விட்டாள்.

ராக்கனுக்குத் தீப்பட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. வைக்கோல்போரில் பிடித்த நெருப்பு காற்றோடு தாவிக் கொட்டகைக் கூரைக்கு வந்தபோது, உள்ளே கட்டிக் கிடந்த காளைச் சோடியைக் கயிறு அறுத்து விரட்ட ஓடினான். முதல் காளையை வெளியே தள்ளிவிட்டான். இரண்டாவதான சின்னக் காளையின் கயிற்றை அறுக்கும்போது கூரை முதுகில் இறங்கியது. மாதக்கணக்கில் வாழை இலையில் கிடந்து எழுந்தான். முகம் தப்பிவிட்டது. முதுகு, மார்பு, இரண்டு கை, உள்ளங்கை எல்லாம் புதுத்தோல். மெழுகை வழித்துவிட்டது போன்ற பளபளப்பு. அதில் மயிரும் கிடையாது, வேர்வையும் கிடையாது. “ஆறிப்போச்சு, புண்ணியவான்” என்றது ஊர். சட்டையை மாட்டிக்கொண்டால் அவனும் நாலு பேரைப் போலத்தான் இருந்தான். வெயிலில் ஏர் பிடிக்க மட்டும் முடியவில்லை. ஏர் பிடிக்க முடியாதவன் வீட்டில் உழவுமாடு நின்று என்ன செய்யும்? சோடியை விற்றுவிட்டு இரண்டு கறவை எருமை வாங்கி, நிழலோடு நிழலாகப் பிழைத்துக்கொள்ளலாம் என்று புருசனும் பெண்சாதியும் பேசி முடித்திருந்தார்கள்.

வண்டி ஊர் எல்லை தாண்டியதும் பெரியகருப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து ராக்கன் கைமேல் போட்டான். துண்டுக்குள் கையை விட்டான்.

“சொல்லு மாப்ள. எங்க வரைக்கும் எறங்கலாம்?”

ராக்கன் துண்டுக்கு அடியில் அவனுடைய மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்தான்.

வண்டியில் அவர்கள் இரண்டு பேரைத் தவிர ஈ காக்கை இல்லை. வாயாலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் மாட்டு விலையை வாயால் சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்பது போல வளர்ந்தவன் பெரியகருப்பன். சந்தையில் அவன் விற்கிறவன் கையையும் வாங்குகிறவன் கையையும் மாறி மாறித் துண்டுக்குள் பிடிப்பான். எத்தனை விரலைப் பிடிக்கிறார்களோ அத்தனை நூறு, அதுதான் பேச்சு. சுற்றி நிற்கிற கூட்டத்துக்குத் துண்டு அசைவது மட்டுமே தெரியும்.

அவனுக்கென்று இன்னொரு சூத்திரமும் இருந்தது. விரலை மட்டும் அவன் எண்ணுவதில்லை, உள்ளங்கையையும் படிப்பான். பிசுபிசுத்த கை என்றால் அவசரக்காரன், அமுக்கினால் இறங்குவான். உலர்ந்த கை என்றால் கல்லுளிமங்கன், அவனிடம் அமுக்குவது வீண். இருபது வருடத் தொழிலில் இந்தச் சூத்திரம் அவனை ஏமாற்றியதில்லை.

விராலிமலைச் சந்தைக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது வெயில் கடையைத் திறந்துவிட்டது. சித்திரை வெயிலிடம் பேரம் நடக்காது. அது சொன்னால் சொன்ன விலைதான். புளிய மர நிழலில் இடம் பிடித்துக் காளைகளை அவிழ்த்துக் கட்டியதும் பெரியகருப்பன் முகம் சுளித்தான். வழியெல்லாம் செம்மண் புழுதி. இரண்டும் செங்கல் காளவாயிலிருந்து எழுந்து வந்தவை போல நின்றன. மாட்டின் மேல் ஒரு விரல் தூசி படிந்திருந்தால் வாங்குகிறவன் அதன் வயதில் ஒரு வருடத்தைக் கூட்டிவிடுவான்.

கிணற்றைப் பார்த்தான். தண்ணீர் பாதாளத்தில் கிடந்தது. கயிற்றைப் பிடிக்கக் கூட்டம் வேறு. அப்புறம் பானையைப் பார்த்தான்.

“ஊத்துங்க மச்சான்,” என்றான் ராக்கன். “நான் நெழல்லதான ஒக்காந்திருக்கேன். எனக்கென்ன? கூட்டம் கொறஞ்சதும் எறச்சு ரொப்பிக்கலாம்.”

பானைத் தண்ணீர் முழுவதும் காளைகள் மேல் போயிற்று. வைக்கோலால் தேய்த்துவிட்டதும் இரண்டும் தேய்த்த பித்தளைச் செம்பு போல மின்னின. பெரியகருப்பன் இரண்டு எட்டுத் தள்ளி நின்று பார்த்துத் திருப்திப்பட்டான். பானையை ரொப்புகிற நினைப்பு, அந்தத் திருப்தியிலேயே கரைந்து போயிற்று.

உச்சி வேளைக்குக் கொஞ்சம் முன்னால் ஆவூர் அடைக்கலசாமி வந்தார். கழுத்தில் ஜெபமாலை, காலில் டயர்ச் செருப்பு, கூட ஒரு பண்ணையாள். சோடிக்காக மூன்று சந்தையாக அலைகிறவர் என்று பெரியகருப்பனுக்கு ஏற்கெனவே சேதி உண்டு. அவர் பல்லைப் பார்த்தார். சுழி பார்த்தார். வாலைத் தூக்கிப் பார்த்தார். குறையே கண்டுபிடிக்க முடியாத கடுப்பில் மறுபடி பல்லைப் பார்த்தார்.

“கடவாய்ப் பல்லு வரைக்கும் எண்ணிட்டீங்க. எம்பல்லையும் பாத்துருங்க, ஒரே செலவா முடிஞ்சுரும்,” என்றான் பெரியகருப்பன்.

“ஒம்பல்லு எனக்கு எதுக்கு தரகரே? நீ திங்கிறதுக்குத்தான ஒழைக்கிற? மாடு ஓடுமா? அதக் காட்டு.”

அந்தச் சந்தையில் ஓட்டம் காட்டாமல் உழவுமாடு கைமாறாது. புளியந்தோப்பிலிருந்து வறண்ட கண்மாயின் அடுத்த கரைக்கு ஒரு வண்டியில் பூட்டி ஓட்டிப் போய்த் திரும்பி வர வேண்டும். வண்டியில் யாரும் ஏறக் கூடாது. ஆள் தலைக்கயிற்றைப் பிடித்துக் கூடவே ஓட வேண்டும். அடைக்கலசாமியின் பண்ணையாள் பழனிச்சாமி கயிற்றை வாங்கினான். நல்ல காலுள்ள ஆள். நாக்கைச் சொடுக்கினான், அதட்டினான், வாலை முறுக்கினான். காளைகள் மண்ணில் நட்டு வைத்தவை போல நின்றன.

தீக்குப் பிறகு அவை அப்படித்தான். ராக்கன் முன்னால் போனால் கிணற்றுக்குள்ளும் இறங்கும். வேறு ஆள் பிடித்தால் எட்டு வைக்காது. “கொஞ்ச நாள் பழகுனா சரியாப் போயிரும்” என்று பெரியகருப்பன் சொல்லிப் பார்த்தான். அடைக்கலசாமி துண்டை உதறித் தோளில் போட்டார். அவர் போகப் போகிறார் என்பதற்கு அதுதான் அடையாளம்.

“நாந்தான் போகணும்,” என்று ராக்கன் எழுந்தான்.

பெரியகருப்பன் அவனைப் பார்த்தான். ராக்கனும் அவனைப் பார்த்தான். இருவருக்கும் நடுவில் காத்தாயி ஆரக்காலைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

“வேணாம் மாப்ள.”

“ஒரு சுத்துதான மச்சான். இதுக்குப் போயி.”

சத்தியத்துக்கும் விற்பனைக்கும் நடுவில் தரகன் எவ்வளவு நேரம் நின்றான் என்று யாரும் பார்க்கவில்லை. “ஒரே ஒரு சுத்து” என்று மட்டும் சொன்னான்.

ராக்கன் வலப்பக்கக் காளையின் கயிற்றைப் பிடித்தான். பழனிச்சாமி இடப்பக்கம். காளைகள் கிளம்பிய வேகத்தில் புழுதி மரக்கிளை உயரத்துக்கு எழுந்தது. கண்மாய்க்குள் கானல் ஆடியது. அதற்குள் இரண்டு ஆளும் இரண்டு மாடும் கால் தரையில் படாமல் மிதப்பது போல் போனார்கள். திரும்பி வந்தபோது கூட்டம் சத்தமாகவே வியந்தது. அடைக்கலசாமி வியக்கவில்லை. வாங்க முடிவு செய்துவிட்டவன் வியக்க மாட்டான்.

“வெறும் வண்டிய எந்த மாடும் இழுக்கும். கல்லு ஏத்தி இன்னொரு சுத்து.”

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். ராக்கனின் முகத்தில் மட்டும் வேர்வை ஊற்றாகக் கொட்டிக்கொண்டிருந்தது. உடம்பு முழுவதும் வடிய வேண்டியது அந்த ஒரு வாசல் வழியாக வந்தது போல. பெரியகருப்பன் அதையும் பார்த்தான். ஆனால் இரண்டாம் தடவை கேட்கிறவன் போக மாட்டான் என்பது தொழிலின் முதல் பாடம். அவன் வாயைத் திறக்கும் முன்னால் ராக்கனே “ஏத்துங்க” என்றான். மாட்டின் மேல் இருந்த கர்வம்.

வாசற்படிக்கல் ஏற்றிய வண்டியோடு அவர்கள் திரும்பி வந்தபோது ராக்கன் கயிற்றைப் பிடித்து ஓடவில்லை. கயிறுதான் அவனைக் கொண்டுவந்தது.

இரண்டு பேரும் ஒரே மரத்தடியில் விழுந்தார்கள். மோர் விற்கிற கண்ணாத்தாள் ஆளுக்கு ஒரு கலயம் ஊற்றினாள். பழனிச்சாமி உடம்பிலிருந்து வேர்வை ஆறாக ஓடியது. மேல்துண்டைப் பிழிந்தான், விசிறினான், இன்னொரு கலயம் கேட்டான். கொஞ்ச நேரத்தில் மூச்சு அடங்கி, “ஆத்தா, மோருல தண்ணியா, தண்ணியில மோரா?” என்று வம்பு பேசும் அளவுக்குத் தெளிந்துவிட்டான்.

“ஓசிக் கலயத்த நக்கிப்புட்டுப் பேச்சப் பாரு,” என்றாள் கண்ணாத்தாள்.

ராக்கன் மரத்தில் சாய்ந்து கிடந்தான். சட்டை உலர்ந்திருந்தது. மோரில் பாதி அப்படியே இருந்தது.

“ஓட்டம் பாத்தாச்சுல்ல? பேச்சுக்கு வாங்க,” என்று பெரியகருப்பன் துண்டை எடுத்தான்.

அடைக்கலசாமி அவனுடைய இரண்டு விரலைப் பிடித்தார். பெரியகருப்பன் முகத்தில் எதையும் காட்டாமல் ராக்கனிடம் போய்க் குந்தித் துண்டைப் போட்டான். மூன்று வரும், அதை வைத்து இழுக்கலாம் என்று கணக்கு. ராக்கன் நான்கு விரலைப் பிடித்தான்.

அந்தக் கை சுட்டது. வெயிலில் ஓடி வந்தவன் கை குளிருமா என்று நினைத்துக்கொண்டான். கை சருகு போல உலர்ந்திருந்தது. பலே மாப்ள, என்று உள்ளுக்குள் சிரித்தான். ஓட்டத்தைக் காட்டிவிட்டு விலையை ஏற்றுகிறான்; ஒரு பொட்டு ஈரம் இல்லை; இவனிடம் நான் தொழில் கற்க வேண்டும்.

“மொதலாளி அசைய மாட்டேங்கிறாரு,” என்று அடைக்கலசாமியிடம் திரும்பினான். துண்டுக்குள் நான்கைச் சொன்னான்.

“நாலா! தங்கத்துல கொம்பு வச்சிருக்கா? அவரு மாட்ட வச்சு அவரே கும்பிட்டுக்கட்டும்!”

இருந்தாலும் அவர் போகவில்லை. சபித்தார், மேலே பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார், கண்ணாத்தாளிடம் மோர் வாங்கிக் குடித்தார், பிறகு மூன்று விரலைப் பிடித்தார். காலையில் வண்டியில் ராக்கன் சொன்ன இடம் அது. அங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் மூன்று வந்துவிட்டால் நான்கும் வரும் என்று தரகனின் ரத்தம் சொன்னது. மறுபடி ராக்கனிடம் வந்தான்.

“மாப்ள, மூணு வந்துருச்சு. முடிச்சுருவமா?”

துண்டுக்குள் ராக்கன் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தான்.

பெரியகருப்பனுக்கே இது அதிகமாகப் பட்டது. கை முன்னைவிடச் சுட்டது. உட்கார்ந்து இத்தனை நேரம் ஆன பிறகு ஏன் கூடியிருக்கிறது என்று ஒரு கேள்வி வந்து மூலையில் உட்கார்ந்தது. கேள்வியைக் கவனிக்க நேரமில்லை. அடைக்கலசாமி கண்மாய் மண்ணைச் செருப்பால் கிளறிக்கொண்டிருந்தார். ஐந்தைக் கேட்டதும் வெடித்தார்.

“யோவ், சந்தைக்கு வந்தாரா, கொள்ளையடிக்க வந்தாரா? ஒடம்புல தீக்காயம் பட்டவருன்னு எரக்கப்பட்டு நின்னேன் பாரு! நாலுக்கு மேல சல்லிக்காசு கெடையாது. கடைசிப் பேச்சு. போயிக் கேளு.”

நாலு! பெரியகருப்பனின் காலே தரையில் படவில்லை. ஓடி வந்து குந்தித் துண்டைப் போட்டான்.

“மாப்ள, நாலுய்யா நாலு! சரின்னு சொல்லு.”

துண்டுக்குள் ராக்கனின் கை விரல்களைத் தேடவில்லை. அவன் மணிக்கட்டைப் பிடித்தது. தேங்காய் திருகுவது போல் இறுக்கிப் பிடித்து இழுத்தது. இருபது வருடத்தில் எந்தக் கையும் இப்படி ஒரு விலை சொன்னதில்லை. சூடு, அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் சூடு.

“கயிறு,” என்றான் ராக்கன். கண் திறந்திருந்தது, எதையும் பார்க்கவில்லை. “சின்னதோட கயிறு இன்னும் அறுபடல. கூரை வருது மச்சான்.”

துண்டு நழுவி விழுந்தது. பெரியகருப்பன் அவன் நெற்றியைத் தொட்டான். முகத்தில் கொட்டிக்கொண்டிருந்த வேர்வையும் நின்றுபோயிருந்தது. மூலையில் உட்கார்ந்திருந்த கேள்வி எழுந்து நின்று காத்தாயியின் குரலில் பேசியது. ஒக்காந்த பெறகுதான் ஏறுது.

வண்டிக்குப் பாய்ந்தான். பானையைத் தூக்கினான். பானை காற்று மாதிரி லேசாக வந்தது.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ராக்கனின் கால்கள் வெட்டிக்கொண்டன. “வலிப்பு, வலிப்பு, இரும்பக் குடு” என்று ஒருவன் சாவிக்கொத்தைக் கையில் திணித்தான். “கண்ணு பட்டுருச்சு, அப்புடி ஓட்டம் ஓடுனா?” என்றான் இன்னொருவன். மூன்றாமவன் வண்டியிலிருந்து கம்பளியை உருவிக்கொண்டு வந்தான், காய்ச்சல்காரனைப் போர்த்துவதற்கு. “கரி பஸ்சு வர்ற நேரந்தான், புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு ஏத்தி விடுங்கப்பா,” என்றது ஒரு குரல்.

பின்னால் கரியடுப்பு கனன்றுகொண்டிருக்க, ஆள்மேல் ஆளாக அடைத்துக்கொண்டு போகும் பஸ்ஸைப் பெரியகருப்பன் நினைத்துப் பார்த்தான். புதுக்கோட்டைக்கு இவன் போய்ச் சேர மாட்டான்.

கம்பளியைப் பிடுங்கி எறிந்தான். “போத்துறியா? வெந்துகிட்டு இருக்கவனப் போத்துறியா? வெலகுங்கடா, காத்த விடுங்கடா! ஆத்தா, மோரு!”

கண்ணாத்தாள் ஏன் என்று கேட்கவில்லை. மோர்ப்பானையைத் தூக்கி வந்து ராக்கனின் தலையிலும் மார்பிலும் கவிழ்த்தாள். பெரியகருப்பன் சட்டையைக் கிழித்தான். அந்தத் தோலைப் பார்த்த கூட்டம் ஒரு எட்டுப் பின்வாங்கியது. மோர் நனைந்த துண்டால் அவன் முதுகைத் தேய்த்தான். கொஞ்சத்தில் துண்டே சூடாகிவிட்டது.

“மாட்டுத் தொட்டி! பழனிச்சாமி, காலப் புடி!”

கிணற்றடியில் மாடுகள் குடிக்கிற கல்தொட்டி. பாதிக்குத் தண்ணீர் இருந்தது. இரண்டு பேரும் தூக்கினார்கள். அடைக்கலசாமி குறுக்கே வந்து கையை விரித்தார்.

“கொன்னுறாத தரகரே! எந்தம்பி இப்புடித்தான், கதிரறுத்துட்டுக் கொதிக்கக் கொதிக்க வந்து கெணத்துல குதிச்சான். பொணமாத்தான் எடுத்தோம். சூட்டு ஒடம்புல தண்ணி பட்டா ஜன்னி கண்டுரும். அந்தப் பாவத்த நீ சொமக்காத.”

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. பொய் சொல்கிற ஆள் இல்லை. பெரியகருப்பனுக்கும் சின்ன வயதிலிருந்து சொல்லப்பட்டது அதேதான். ராக்கன் தலை ஒரு பக்கம் சாய்ந்து தொங்குகிறது, கையில் கனம், ஜன்னி கண்டு செத்தால் காத்தாயியிடம் என்ன சொல்வது? செய்யாமல் செத்தால் என்ன சொல்வது?

“அண்ணே, எருமை வளத்திருக்கீங்களா?”

“என்னய்யா கேக்குற இப்ப?”

“வெயில்ல எருமைய ஓட்டுனா நெழல்ல கட்டுவீங்களா, தண்ணியில விடுவீங்களா?”

“தண்ணியிலதான். அதுக்கு வேர்வ வராது, நெழல்ல கட்டுனா சூடு எறங்காது, செத்துரும்…” அடைக்கலசாமி நிறுத்தினார். ராக்கனின் பளபளத்த முதுகைப் பார்த்தார்.

“இவனுக்கும் வேக்காதுண்ணே. இந்தத் தோலு வேக்காது. இவம் பொஞ்சாதி காலையிலேயே சொன்னா. நான் தண்ணிய மாட்டுக்கு ஊத்திட்டேன்.”

வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெரியகருப்பன் எதையும் மறைத்து வைக்காமல் ஒரு பேச்சுப் பேசியிருந்தான். அடைக்கலசாமியின் கை இறங்கியது. வழிவிட்டதோடு நிற்காமல் கிணற்றுக்கு ஓடி, நின்றவனைத் தள்ளிவிட்டுக் கயிற்றைப் பிடித்தார்.

தொட்டித் தண்ணீர் வெயிலில் கிடந்து வெதுவெதுவென்று இருந்தது. ராக்கனைக் கிடத்தினார்கள். பெரியகருப்பன் தொட்டிக்குள் கால் வைத்து அவன் தலையை மடியில் தாங்கினான். மேலே அடைக்கலசாமி இறைத்தார். ஆழத்துக் கிணறு, வாளி இறங்கி, மொண்டு, ஏறி வருவதற்குள் ஒரு ஆயுசு போயிற்று. வந்த வாளியைப் பழனிச்சாமி முதுகில் ஊற்றினான். கண்ணாத்தாள் முந்தானையால் விசிறினாள். கால்வெட்டு நிற்கவில்லை. ஒரு வாளி. கண்கள் செருகின. இன்னொரு வாளி. ராக்கன் ஓங்கரித்தான், குடித்த மோர் வெளியே வந்தது. யாரோ “போயிட்டான்” என்றார்கள். “ஒங்கப்பன் போனான்” என்று கண்ணாத்தாள் திரும்பாமலே சொன்னாள்.

காளைகள் கட்டை அறுத்துக்கொண்டு வந்துவிட்டன. தொட்டியில் வாய் வைத்து, ராக்கனின் தோளுக்குப் பக்கத்தில் உறிஞ்சிக் குடித்தன. விரட்டப் போனவனைப் பெரியகருப்பன் கையசைத்துத் தடுத்தான். அவை மூச்சு விட்ட காற்றும் ஈரத்தோலில் பட்டது. படட்டும்.

நிழல்கள் கிழக்கே சாய்ந்தன. அடைக்கலசாமியின் உள்ளங்கை கயிற்றில் உரிந்தது, பழனிச்சாமி மாற்றிக்கொண்டான். கால்வெட்டு எப்போது நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை. நின்றது நல்லதற்கா கெட்டதற்கா என்றும் தெரியவில்லை. பெரியகருப்பன் தண்ணீருக்குள் துழாவி ராக்கனின் கையைப் பிடித்துக்கொண்டான். மேலே ஈரத்துண்டு மிதந்தது. பழக்கம், கை தானாகத் துண்டுக்கு அடியில் போயிருந்தது.

“தண்ணிக்குள்ளயுமாய்யா பேரம்?” என்றான் கூட்டத்தில் ஒருவன். யாரும் சிரிக்கவில்லை.

தோசைக்கல் சூடு இல்லை. காய்ச்சல் சூடு. அதுவும் ஏறுகிறதா இறங்குகிறதா? இருபது வருடம் கை படித்தவனுக்கு இந்தக் கையைப் படிக்கத் தெரியவில்லை. விட்டுவிட்டு, தன் கன்னத்தில் கை வைத்துப் பார்த்து, மறுபடி பிடித்தான்.

“மாப்ள. டேய் மாப்ள. ராக்கா.”

விரல்கள் அசைந்தன. மெதுவாக, ஒன்று ஒன்றாகத் துழாவி, அவனுடைய மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்தன. இறுக்கின.

பெரியகருப்பன் மூச்சை விட்டான். காலையில் வண்டியில் பிடித்த அதே மூன்று. கூரை விழுகிற இடத்திலிருந்து ஆள் திரும்பி வந்துவிட்டான்.

“என்ன சொல்றாரு?” என்று அடைக்கலசாமி தொட்டி விளிம்பில் குனிந்தார்.

பெரியகருப்பன் துண்டை எடுத்து எறிந்தான். எல்லாரும் பார்க்கக் கையைத் தூக்கி மூன்று விரலைக் காட்டினான். கூட்டம் வாயைப் பிளந்தது. இப்படி வெட்டவெளியில் விலை காட்டிய தரகனை அந்தச் சந்தை கண்டதில்லை.

“நான் நாலு வரைக்கும் வந்துட்டனே?”

“நாலும் அஞ்சும் சொன்னது சூடுண்ணே. மூணு சொல்றதுதான் ராக்கன்.”

அடைக்கலசாமி உரிந்த கையை ஊதிக்கொண்டார். “இப்ப அந்தப் பேச்சு வேணாம். நாளைக்கு வெயிலுக்கு முன்னாடி ஊருக்கே வாரேன். அவரு கையாலயே கயித்த வாங்கிக்கிறேன். மாடும் நம்மளப் பழகணும்ல. இப்பப் பழனிச்சாமியக் கூட்டிட்டுப் போ.”

பொழுது சாய்ந்த பிறகு கிளம்பினார்கள். ராக்கனை ஈரச் சாக்கில் சுற்றி வண்டியின் முன்பக்கம் படுக்க வைத்தார்கள், காளைகளுக்குக் குரல் கேட்கும்படி. ஈனக்குரலில் அவன் ஒரு அதட்டல் போட்டதும்தான் அவை நகர்ந்தன. பானை இப்போது நிறைந்திருந்தது. வழி நெடுகப் பெரியகருப்பன் செம்பால் மொண்டு சாக்கில் ஊற்றிக்கொண்டே வந்தான். ஊற்ற ஊற்ற, புதுக்கவலை ஒன்று தலை நீட்டியது. வீட்டுக்குப் போகும்போது பானை காலியாகத்தான் இருக்கும். காலிப்பானையைப் பார்த்தால், அண்ணன் சொன்ன சொல்லைக் காப்பாற்றி இருக்கிறான் என்று காத்தாயி நினைப்பாள். வாயைத் திறக்காமலே ஒரு பொய்யை விற்றுவிடலாம். முதலில்லாத வியாபாரம்.

வீட்டு வாசலில் விளக்கோடு நின்றாள். புருசன் நெற்றியில் கை வைத்தாள், பிறகு கழுத்தில், பிறகு முதுகில். ஒவ்வொரு இடத்திலும் கையைக் கொஞ்சம் நிறுத்தினாள். அப்புறம் பானைக்குள் எட்டிப் பார்த்தாள்.

“ஊத்துனீங்களாண்ணே?”

“ஊத்துனேன்,” என்றான் பெரியகருப்பன். பானையைச் சுற்றிய வைக்கோல் பிரியை அவிழ்க்கக் குனிந்தான்.

“மொதப் பானை மாட்டுக்கு,” என்றான் ராக்கன் சாக்குக்குள்ளிருந்து. “ரெண்டாவதுதான் எனக்கு. நடுவுல நான் ஓடுனேன். அவரு மட்டும் இல்ல, நானும் சேந்துதான்.”

காத்தாயி விளக்கைத் தூக்கி அண்ணன் முகத்தைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டியிருந்தால் ஏதாவது கிண்டலாகச் சொல்லித் தப்பித்திருப்பான். அவள் பானையை வண்டியிலிருந்து இறக்கி அவன் கையில் கொடுத்தாள்.

“போயி மொண்டுக்கிட்டு வாங்க. முதுகு இன்னும் சுடுது.”

பெரியகருப்பன் பானையை வாங்கிக்கொண்டு கிணற்றுக்கு நடந்தான். பாதி தூரம் போன பிறகு ஓடினான்.